பொருத்திய கைக்கு மட்டும் மருந்து கொடுக்க முடியாதா?

இன்னொருவர் கையைப் பொருத்தினால், நம் எதிர்ப்புச் சக்தி அதை வேற்றாள் என்று தாக்கும். முதலில் தோல்தான் சிவந்து தடிக்கும். அதை அடக்க டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளைக் காலமெல்லாம் சாப்பிட வேண்டும். அவை ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போவதால் கிருமித்தொற்று, இனிப்புநீர், சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரலாம். (மலேசியாவின் செலாயாங் மருத்துவமனையில் 2000இல் ஒரு குழந்தைக்கு, இறந்த இரட்டைச் சகோதரியின் கையைப் பொருத்தினார்கள். ஒரே கரு இரட்டையர் என்பதால் இந்த மருந்தே தேவைப்படவில்லை.)

இங்கே சுங்கை சிப்புட்டில் செம்பனைக்கு உரம் போடுகிறவர், வாளியோடு போய் மரத்தடி வட்டத்தில்தான் தூவுவார். தோட்டம் முழுக்க இறைக்கமாட்டார். ஆராய்ச்சியாளர்கள் தேடுவதும் அதைத்தான். 2014இல் வெளியான ஆய்வில், எலிக்குப் பொருத்திய காலில் மருந்து கலந்த ஜெல்லை ஊசியால் ஏற்றினார்கள். அழற்சி வந்தால் அங்கே சுரக்கும் நொதிகளே ஜெல்லைக் கரைத்து மருந்தை வெளிவிடும். தேவை கூடினால் மருந்தும் கூடும், எவ்வளவு அருமையான யோசனை! ஒரே ஊசியில் 100 நாளுக்கு மேல் கால் தாங்கியது.

சரி, ஜெல் வந்துவிட்டது, மாத்திரையை நிறுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்: 1998இல் பிரான்சின் லியோனில் கை பொருத்திக்கொண்டவர் மருந்தை விட்டதால், 2001இல் அந்தக் கையையே எடுக்க வேண்டியதாயிற்று.