கணவரின் முதல் தாரத்து மகளுக்கு ரத்தப் புற்றுநோய்: சின்னாத்தாவான என் இடம் எது?

ஆச்சி, 13 வயது மகளுக்குக் கீமோ நடக்கிறது, அவளுடைய ஆயாவும் (அம்மாவைப் பெற்றவர்) அம்மானும்தான் (தாய்மாமன்) எல்லாம் முடிவு செய்கிறார்கள், நான் எங்கே நிற்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் சட்டம். 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தில் ‘தாய்’ என்றால் மாற்றாந்தாய் சேர்த்தி இல்லை. அதனால் ஒப்புதல் படிவத்தில் அவள் அப்பச்சியின், அதாவது உங்கள் கணவரின், கையெழுத்தை வாங்குங்கள். ஆயாவுக்கும் அம்மானுக்கும்கூட அந்த உரிமை தானாக வந்துவிடாது. அப்பச்சி வெளியூரில் வியாபாரம் என்றால், அவசரத்துக்கு என்ன செய்வது என்று மருத்துவமனையில் இப்போதே கேட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய வேலை வீட்டில் இருக்கிறது. கீமோவில் நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மாத்திரை கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. காரைக்குடியிலிருந்து, மருத்துவமனை இருக்கும் மதுரை சுமார் 90 கிலோமீட்டர்; வண்டியும் ஃபைலும் எப்போதும் தயாராக இருக்கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நெற்றியைத் தொட்டுப் பார்க்கப்போவது நீங்கள்தான். அப்புறம், பார்க்க வருகிறவர்களில் சளி, இருமல் உள்ளவர்களை முகப்பிலேயே நிறுத்த வேண்டும். நீங்கள் சொன்னால் ‘சின்னாத்தா விரட்டுகிறாள்’ என்று பேச்சாகிவிடும். அப்பச்சியைச் சொல்லச் சொல்லுங்கள்.

ஆயா பெற்ற மகளையே பறிகொடுத்தவர். டாக்டர் சொல்வதை அன்றன்றே அவரிடம் சொல்லுங்கள், பயம் கொஞ்சம் குறையும். பிள்ளை வலியில் ‘ஆத்தா’ என்று இறந்தவரைத் தேடி அழுதால், பக்கத்திலேயே இருங்கள். எனக்கு அம்மை போட்டபோது நானும் அப்படித்தான் அழுதேன். என் சின்னாத்தா ஆத்தாவின் படத்தை எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள்.