சலவை இயந்திரத்தின் தண்ணீர் இணைப்பு இரவில் அதிகம் ஒழுகுவது ஏன்?

கேள்வி: ஹட்டன் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேலே, சரிவில் உள்ள பொதுத் தாங்கியிலிருந்து தண்ணீர் நேரடியாக வருகிறது. அந்தக் குழாயோடு சலவை இயந்திரத்தின் ஹோஸ் சேரும் இடத்தில் பகலில் சொட்டுகிறது. விடிவதற்குள் கீழே வைத்த வாளி நிறைந்துவிடுகிறது. டேப் சுற்றி ஸ்பனரால் இறுக்கியும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், மேலும் இறுக்குவதை நிறுத்துங்கள். ஹோஸ் முனையிலுள்ள நட்டில் தண்ணீரைத் தடுப்பது திருகுப் புரியும் அல்ல, டேப்பும் அல்ல. உள்ளே தட்டையாகக் கிடக்கும் ரப்பர் வாஷர்தான். டேப்பைத் தடிப்பாகச் சுற்றினால் நட் முழுதாக ஏறாது. வாஷர் குழாயின் வாயில் படியாமல் நின்றுவிடும்.

இயந்திரத்தின் பிளக்கைக் கழற்றி, குழாயை மூடிவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். வாஷரை வெளியே எடுத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாத அளவுக்கு இறுகியிருந்தாலோ, குழாயின் விளிம்பு அதில் வட்டமான பள்ளமாகப் பதிந்திருந்தாலோ, ஹார்ட்வெயார் கடையில் முக்கால் அங்குல ஹோஸ் வாஷர் கேட்டு வாங்கி மாற்றுங்கள். பழைய டேப்பை முழுவதும் அகற்றி, குழாயின் வாயைத் துடைத்து, நட்டைக் கையாலேயே நேராக ஏற்றுங்கள். கை இறுக்கத்துக்குப் பிறகு கால் சுற்றுப் போதும். இயந்திரத்தின் பக்கமுள்ள புரி பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால், அங்கே பலத்தைக் காட்டினால் வெடிப்பு விழுந்து வால்வையே மாற்ற வேண்டிவரும். அந்த வாயிலுள்ள வலைவடிகட்டியையும் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் மணலையும் இலைத்துகளையும் கொண்டுவந்து சேர்க்கும்.

டேப் தேவைப்படுவது குழாய் சுவருக்குள் ஏறும் புரியில் மட்டுமே. சாதாரணக் குழாயின் மேல் நான்கு திருகாணிகளால் பிடிக்கும் இணைப்பானைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதை விட்டுவிட்டு, முக்கால் அங்குலப் புரியுள்ள குழாயைப் பொருத்துவதையே நான் பரிந்துரைக்கிறேன். உயரத்திலிருந்து நேரடியாக அழுத்தம் வரும் உங்களுடையதைப் போன்ற இணைப்பில் அந்தப் பிடி நிலைக்காது.

இரவில் கசிவு கூடுவதற்குக் காரணம் அழுத்தம். தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். 60 மீற்றர் என்றால் 6 பார். பகலில் அதே லைனில் அயல் வீடுகளும் தண்ணீர் எடுப்பதால் அது குறைந்திருக்கும். எல்லோரும் குழாயை மூடிய பின் முழு அழுத்தமும் உங்கள் இணைப்பின் மேல் வந்து நிற்கும். இயந்திரத்தின் வால்வு சட்டென மூடும்போது எழும் அதிர்ச்சி அதற்கும் மேலானது. பல இயந்திரங்களின் உச்ச எல்லை 8 அல்லது 10 பார். உங்கள் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷரை மாற்றிய பிறகும் கசிந்தால், அழுத்தக் குறைப்பு வால்வு ஒன்றைப் பொருத்தி 3 பார் அளவில் வையுங்கள். மிதவை வால்வுள்ள சிறிய தாங்கியின் வழியாகவும் தண்ணீரை எடுக்கலாம். ஆனால் இயந்திரத்துக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டுமென்றால், அந்தத் தாங்கி இயந்திரத்தின் வால்வுக்கு 5 மீற்றராவது மேலே இருக்க வேண்டும். சரிவு நிலத்தில் அந்த உயரத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல.

வேலை முடிந்ததும் இணைப்பைச் சுற்றி உலர்ந்த பத்திரிகைத் தாளைக் கட்டிக் காலையில் பாருங்கள். நட்டின் ஓரம் மட்டும் நனைந்திருந்தால் கசிவு தொடர்கிறது; ஹோஸ் முழுவதும் ஒரே சீராக ஈரமாக இருந்தால், அது குளிர்ந்த தண்ணீரால் வெளியே படியும் வியர்வை. எப்படியிருந்தாலும், சலவை முடிந்தவுடன் குழாயை மூடிவிடுங்கள்.