வினாத்தாள் மாறினால் மாணவர் என்ன செய்யலாம்? கேள்வி பதில்

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் 26 வருடம் குப்பை கொட்டியவன் நான். வினாத்தாள் கட்டு மாறியது, விடைத்தாள் தொலைந்தது, தேர்வு ரத்தானது எல்லாவற்றையும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. தமிழ்நாட்டு நடைமுறையை வைத்துச் சொல்கிறேன். கேளுங்கள்.

கேள்வி: மூன்று மணி நேரம் எழுதி முடித்த பிறகு, கொடுத்தது பழைய ரெகுலேஷன், அதாவது பழைய பாடத்திட்டத்தின் வினாத்தாள் என்று சொல்லித் தேர்வை ரத்து செய்துவிட்டார்கள். நான் நன்றாக எழுதியிருந்தேன். அதையே திருத்தி மார்க் போடச் சொல்ல முடியுமா?

பதில்: கேட்கலாம் தம்பி, கிடைக்காது. வேறு பாடத்திட்டத்தின் கேள்விக்கு உங்கள் பாடத்தில் மார்க் போட எந்தத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையெழுத்துப் போடமாட்டார். மார்க்குக்குச் சண்டை போடுவதை விட்டு, நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுதேர்வுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது, வேறு பேப்பரோடு தேதி மோதக்கூடாது. இவை இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மறப்பது மூன்றாவதை: மறுதேர்வு முதல் முயற்சியாகவே பதிவாக வேண்டும். டிஸ்டிங்ஷனும் ரேங்க்கும் முதல் முயற்சியில் பாஸ் செய்தவர்களுக்குத்தான் என்று பல இடங்களில் விதி இருக்கிறது. எங்கள் பிரிவிலேயே ஒரு பெண்ணுக்கு நவம்பர் பேப்பரின் மறுதேர்வை ஏப்ரல் தேர்வு என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டர் அதை அரியர் என்று எடுத்துக்கொண்டது. திருத்தி வாங்க அந்தப் பெண் நாலு மாதம் நடந்தார். ஆகவே, ‘முதல் முயற்சியாகக் கருதப்படும்’ என்ற வரி சுற்றறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: தேர்வு எழுதினேன், ரிசல்ட்டில் ஆப்சென்ட் என்று வந்திருக்கிறது. விடைத்தாளைக் காணோம் என்கிறார்கள்.

பதில்: ஹாலில் ஒரு நீளத் தாள் கைமாறி வந்து, அதில் விடைத்தாள் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களே, அந்த வருகைத் தாள்தான் உங்கள் சாட்சி. அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், அவ்வளவுதான். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. விடைத்தாள் பிறகு கிடைத்தால் அதையும் பார்க்கலாம். எழுதியவர் தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிடைக்கவே இல்லையென்றால், தனித்தேர்வா அல்லது மற்ற பேப்பர்களின் சராசரியா என்பது அந்தந்தப் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது. இரண்டும் இருந்தால் தேர்வு செய்யும் உரிமையை உங்களுக்கே தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘புகார் எல்லாம் எழுதாதீங்க, நாங்க பேசிக்கிறோம்’ என்று மகளின் கல்லூரியில் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: பேசட்டும் அம்மா, நீங்களும் எழுதுங்கள். பேச்சுக்கு ஃபைல் நம்பர் கிடையாது. நகலில் சீல் வாங்குங்கள். யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023 விதிமுறைப்படி கல்லூரியில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தியில்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்புட்ஸ்பெர்சன் எனப்படும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் அவரிடம் ‘மார்க் குறைவு, மறுபடி திருத்துங்கள்’ என்று மட்டும் எழுதினால் எடுக்கமாட்டார். ரிசல்ட்டைப் பாதித்த குறிப்பிட்ட முறைகேடு என்ன என்று சொல்ல வேண்டும். வினாத்தாள் மாறியது அதில் அடங்கும்.

கேள்வி: நுகர்வோர் கோர்ட்டில் நஷ்டஈடு?

பதில்: வேண்டாம். தேர்வு நடத்துவது நுகர்வோர் சட்டம் சொல்லும் ‘சேவை’ அல்ல என்று 2009-ல் பீகார் தேர்வு வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. பஸ் காசு மிச்சம்.

கேள்வி: மறுதேர்வுக்குப் பதில் கருணை மதிப்பெண் கேட்கலாமா?

பதில்: 2024 நீட் தேர்வை நினைத்துப் பாருங்கள். மையத்தில் நேரம் வீணானதற்காக 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டார்கள். வழக்கு வந்ததும் அதை ரத்து செய்து, மறுதேர்வு எழுது, இல்லையென்றால் எடுத்த பழைய மார்க்கோடு இரு என்றார்கள். 813 பேர்தான் மறுபடி எழுதினார்கள். ஒன்றிரண்டு கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே வந்திருந்தால் கருணை மதிப்பெண் சரி. அதற்கும் தேர்வு முடிந்த கையோடு துறைத்தலைவர் மூலம் எழுத வேண்டும். பேப்பர் முழுக்கப் போனால் மறுதேர்வுதான்.

கேள்வி: மறுதேர்வு ரிசல்ட் வருவதற்குள் வேலையில் சேரும் தேதி வந்துவிடும். ஹைகோர்ட் போகலாமா?

பதில்: முதலில் கம்பெனிக்கு, தாமதம் நிர்வாகத்தால்தான் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே அவகாசம் கிடைக்கும். ஆஃபர் லெட்டரை இணைத்து, உங்கள் விடைத்தாளை முன்னதாகத் திருத்தித் தரும்படி தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் எழுதுங்கள். இவை பலிக்காவிட்டால்தான் ரிட் மனு. அங்கேயும் வக்கீல் முதலில் கேட்பது, நீங்கள் ஏற்கெனவே கொடுத்த மனுவின் சீல் போட்ட நகலைத்தான்.

கேள்வி: மனுவைத் தமிழில் எழுதலாமா?

பதில்: தாராளமாக. பதிவு எண், பேப்பர் கோடு, தேதி, முற்பகலா பிற்பகலா, இந்த நாலும் முதல் வரியிலேயே இருக்கட்டும். ‘ஐயா, நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்து...’ என்று ஆரம்பித்தால், பதிவு எண்ணைத் தேடிப் பிடிப்பதற்குள் செக்‌ஷனுக்கு டீ வந்துவிடும்.