கையேட்டில் தப்பு இருந்தால் நான் சொல்லலாமா?

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு தீப்பெட்டி கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எக்செல் மாதிரியான இலவச மென்பொருள் லிப்ரெஆபிஸ் கால்க்கில்தான் வேலை. புது ரோ சேர்க்க 'இன்ஸர்ட்' மெனுவுக்குப் போகச் சொல்கிறது கையேடு. என் திரையில் அது 'ஷீட்' மெனுவில் இருக்கிறது. கோடிங் தெரியாத நான் திருத்தம் சொல்லலாமா? அதற்குச் சான்றிதழ் வேண்டும், நாலாயிரம் ஆகும் என்கிறது காட்பாடியில் ஒரு பயிற்சி மையம்.

பதில்: தாராளமாகச் சொல்லலாம். அந்த நாலாயிரத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள். கட்டணமும் கிடையாது, சான்றிதழும் யாரும் கேட்பதில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி போதும். பயோடேட்டாவில் போட்டுக்கொள்ள, இப்படி யாரும் பங்களிக்கக்கூடிய திறந்த மென்பொருள்களுக்கு ஒரு காற்புள்ளியை மாற்றி அனுப்பச் சொல்லித்தரும் மையங்கள் பெருகிவிட்டன. 2020 அக்டோபரில், அத்தகைய மென்பொருள்களுக்குத் திருத்தம் அனுப்ப ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சி நடந்தபோது, நாலு திருத்தத்துக்கு ஒரு டி-ஷர்ட் என்றதும் குவிந்த குப்பையில், பாதியிலேயே விதியை மாற்றினார்கள்.

சரி, உங்கள் விஷயம். ஷீட் மெனு 2016-இல் 5.1 பதிப்போடு வந்தது. உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய கையேடாக இருக்கலாம். இணைய உதவிப் பக்கத்தின் முகவரியிலேயே பதிப்பு எண் இருக்கும். உங்கள் பதிப்பின் பக்கத்திலும் தப்பாக இருந்தால் மட்டும் லிப்ரெஆபிஸின் பிழைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் புகார் போடுங்கள். பிரிவு 'டாக்குமென்டேஷன்'. எத்தனை பெட்டிகள் என்று மலைப்பீர்கள். 'யாரும் பங்களிக்கலாம்' என்று வாசலில் எழுதிவிட்டு உள்ளே இப்படி ஒரு படிவத்தை வைப்பவர்களை என்ன சொல்ல! பெரும்பாலானதை அப்படியே விட்டுவிடலாம். எந்தப் பக்கம், அதில் என்ன எழுதியிருக்கிறது, உங்கள் திரையில் என்ன வருகிறது, எந்தப் பதிப்பு: இவ்வளவுதான். ஒரு ஸ்கிரீன்ஷாட் சேருங்கள். அரைகுறை ஆங்கிலம் போதும்.

தப்பு தமிழ்ப் பக்கத்தில் என்றால் கதை வேறு. முதலில் அதே பக்கத்தை ஆங்கிலத்தில் திறந்து பாருங்கள். ஆங்கிலம் சரி, தமிழ் மட்டும் தப்பு என்றால் பக்ஸில்லா வேண்டாம். மொழிபெயர்ப்புக்கென்று வெப்லேட் தளம் தனியாக இருக்கிறது, அங்கே அந்த வரிக்கு மாற்று வரியைப் பரிந்துரைக்கலாம். ஆங்கிலமே தப்பு என்றால் தமிழைத் திருத்திப் பயனில்லை. நாளை மூல வரி மாறும்போது அதற்கான தமிழையும் மறுபடி பார்த்தாக வேண்டும். ஆகவே மூலத்துக்குத்தான் புகார்.

பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், அது அங்கே வழக்கம்தான். பொறுமை போனால் அதே புகாரின் கீழே ஒரு வரி எழுதி நினைவூட்டுங்கள். புதிதாக இன்னொன்று திறந்துவிடாதீர்கள்.