நாய்க்கு பந்தனா தைக்கலாம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாயின் கழுத்தில் தொங்கும் முக்கோணத் துணியான பந்தனாவை, காலரில் கோர்க்கும்படி தைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காலர் உள்ளே நுழையவே இல்லை. எங்கே தப்பு?

பதில்: காலர் பட்டையை மட்டும் அளந்திருப்பீர்கள். பக்கிளும் நுழைந்தாக வேண்டுமே! அதன் அகலத்தையும் தடிமனையும் கூட்டுங்கள். அகலம் 3.5, தடிமன் 1.5 செ.மீ. என்றால் கோர்க்கும் இடம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

நான் தைக்கும் முறை இது. ஒரே அளவில் இரண்டு துண்டுகள். மேல் விளிம்பு, கழுத்துச் சுற்றளவில் முக்கால் பங்கு போதும். அப்போதுதான் பக்கிளும் கயிறு மாட்டும் வளையமும் வெளியே நிற்கும். இரு பக்கமும் 5 செ.மீ. நேராக இறங்கி, அப்புறம் சரிந்து கீழே முனையில் சேரட்டும். தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டுங்கள்.

முதலில் அந்த நேரான பக்கங்களை மட்டும் மடித்துத் தைத்துவிடுங்கள். பிறகு இரு துண்டுகளின் நல்ல பக்கங்களும் உள்ளே இருக்கும்படி வைத்து, மேல் விளிம்பையும் சரிவுகளையும் தையுங்கள். நேரான பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். கீழ் முனையில் மிஞ்சும் துணியை, தையலில் கத்தரி படாமல் நறுக்குங்கள். நறுக்காவிட்டால் புரட்டியதும் முனை கூராக வராது, தடித்துக்கொண்டு நிற்கும். திறப்பு வழியாகப் புரட்டி, இஸ்திரி போட்டு, மேலிருந்து 5 செ.மீ. கீழே குறுக்காக ஒரு தையல். அவ்வளவுதான், பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரி காலரைக் கோர்த்துவிடலாம்.

கேள்வி: விளிம்பு அலை அலையாக வருகிறதே?

பதில்: சதுரத் துணியை மூலைக்கு மூலை வெட்டியிருப்பீர்கள். அப்படி வெட்டிய விளிம்பு இழுத்தால் நீளும், தைக்கும்போது நெளியும். நீள விளிம்பு துணியின் நூலோட்டத்துக்கு நேராக இருக்கும்படி வெட்டுங்கள். பருத்தித் துணியே நல்லது. துவைத்துக் காயவைத்த பிறகே கத்தரியை எடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

கேள்வி: தையல் மெஷின் இல்லை. கையால் தைத்தால் தாங்குமா?

பதில்: தாராளமாகத் தாங்கும். ஒவ்வொரு குத்துக்கும் ஊசி கொஞ்சம் பின்வாங்கி முன்னே போகட்டும், வெறும் ஓட்டுத் தையல் வேண்டாம்.

கேள்வி: காலரில் கோர்க்காமல் கழுத்தில் கட்டும் பந்தனாவுக்கு, முடிச்சுக்குப் பதில் வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) வைக்கலாமா? மணிகள் தைத்தால் அழகாக இருக்குமே?

பதில்: வெல்க்ரோ நல்ல யோசனைதான். எங்காவது மாட்டிக்கொண்டால் முடிச்சு இறுகும், வெல்க்ரோ பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். சொரசொரப்பான பக்கம் மட்டும் முடியில் படக் கூடாது. மணி, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டவே வேண்டாம். கடித்துப் பிய்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். பிறகு கால்நடை மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

கேள்வி: வெயிலுக்கு பந்தனாவை நனைத்துக் கட்டலாமா?

பதில்: கொஞ்ச நேரத்துக்குச் சரி. ஆனால் நாய் தன் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் மூச்சிரைப்பதால்தான். நிழலும் குடிக்கத் தண்ணீரும் செய்கிற வேலையை ஈரத்துணி செய்யாது. அடர்ந்த முடிக்குள் ஈரம் தங்கினால் தோல் சிவந்து புண்ணாகும். கழற்றியதும் கழுத்தைத் துவட்டிவிடுங்கள். ஈரமோ உலர்ந்ததோ, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகக் கட்டுங்கள். நாய் தூங்கும்போதும் தனியாக இருக்கும்போதும் அவிழ்த்து வைத்துவிடுங்கள்.