ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஏன் மாரத்தான் ஓடுகிறீர்கள்?

மாரத்தான் 42.195 கிலோமீட்டர். உடல் ஓடுவதற்காகச் சேமித்து வைத்த சர்க்கரை எரிபொருளான கிளைக்கோஜன் பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். அதற்கு மேல்தான் நாம் யாரென்று நமக்கே தெரிய வருகிறது. நான் ஓடுவது அதற்காகத்தான்.

சென்னையில் காற்றின் ஈரப்பதத்தால் வியர்வை சீக்கிரம் உலராது, உடற்சூடும் தணியாது. விடியும் முன்பே பெசன்ட் நகர் கடற்கரையில் ஆட்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். என் முதல் நீண்ட ஓட்டத்தில், திருவான்மியூர் தாண்டியதும் பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டது. ஷூவுக்குள் வியர்வை சளக் சளக்கென்றது. அடுத்த விளக்குக் கம்பம் வரை, அப்புறம் அதற்கடுத்த கம்பம் வரை என்றே ஓடி முடித்தேன். எனக்குள் இவ்வளவு பொறுமை இருப்பது அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

சரி, நீங்களும் தொடங்குவதென்றால் முதலில் 5 கிலோமீட்டர் போதும். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள்.