ஒன்பது வயதில் வாரம் 20 மணி நேரப் பயிற்சி தேவையா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்குப் போகிறாள். போட்டிகளில் நன்றாகச் செய்கிறாள். இனி ஐந்து நாள், நான்கு மணி நேரம் வர வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். கூட்டாவிட்டால் பின்தங்கிவிடுவாளா?

பதில்: மாட்டாள். 9 மணி நேரத்திலிருந்து ஒரேயடியாக 20-க்குத் தாவுவதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய அளவு சொல்வார்கள்: பிள்ளையின் வயது எத்தனையோ, வாரப் பயிற்சி அத்தனை மணி நேரத்துக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டும்போது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் காயங்கள் கூடுகின்றன. ஜிம்னாஸ்டிக்ஸில் சீக்கிரமே தீவிரமாக இறங்குவதால், போட்டிக்குப் போகும் பிள்ளைகள் இந்த அளவைக் கொஞ்சம் தாண்டுவது வழக்கம். உங்கள் மகளுக்கு நான்கு நாள், மொத்தம் 10 முதல் 12 மணி நேரம் போதும் என்பேன். அதையும் சில மாதங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

காரணம் எலும்பில் இருக்கிறது. இந்த விளையாட்டில் காலைப் போலவே கையும் உடல் எடையைத் தாங்குகிறது. வால்ட் (மேசையைத் தாண்டுவது), ஃப்ளோர் (தரைப் பயிற்சி), பீம் (ஒடுங்கிய கட்டை மேல் செய்வது) எல்லாவற்றிலும் அடி மணிக்கட்டிலும் விழுகிறது. அங்கே எலும்பு வளரும் பகுதி இந்த வயதில் இன்னும் மென்மையாக இருக்கும். ஓய்வில்லாமல் அழுத்தினால் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 10 வயதுக்குப் பிறகுதான் மடமடவென்று உயருவார்கள். அப்போது எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காது. நேற்றுவரை எளிதாகச் செய்த பல்டிகூடத் தடுமாறும். அது சோம்பல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, திடீரென்று கூடினால் பயிற்சியாளரிடம் சொல்லித் தரையிறங்கும் பயிற்சிகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, அந்த நான்கு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். வரிசையில் காத்திருப்பதே பாதி நேரம் என்றால், கவனமாகச் செய்யும் இரண்டரை மணி நேரமே மேல். கடினமான விரிப்பில் எத்தனை முறை குதிக்கிறாள், மெத்தென்ற பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய ஃபோம் குழியில் எத்தனை, வலுவூட்டும் பயிற்சி எவ்வளவு? நல்ல பயிற்சியாளர் தயங்காமல் பதில் சொல்வார்.

அவசரமும் இல்லை. சர்வதேச சீனியர் போட்டிகளில் பெண்கள் இறங்க அந்த ஆண்டுக்குள் 16 வயது ஆக வேண்டும் என்பது 1997 முதல் விதி. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஒக்ஸானா சுசோவிட்டினா 1992-இல் முதல் ஒலிம்பிக்கில் ஆடினார். 2021-இல் டோக்கியோவில் ஆடியபோது அவருக்கு 46 வயது.

வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, இரவில் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். பள்ளி, வீட்டுப்பாடம் போக இந்தத் தூக்கத்துக்கு இடமில்லாத அட்டவணை எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மணிக்கட்டு வலித்தாலோ, பின்னால் வளையும்போது இடுப்புக்கு மேல் வலித்தாலோ, ஐஸ் வைத்துச் சமாளிக்காதீர்கள். கையை ஊன்றுவதையும் முதுகை வளைப்பதையும் நிறுத்திவிட்டு, விளையாட்டுக் காயங்கள் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.